கனமான பந்து

சமையலறை ஜன்னலில் மங்கலான காலை வெளிச்சம். தேநீர் கொதித்து அடங்குகிறது. சர்க்கரை டப்பா மேல் தட்டில் இருக்கிறது. அக்கா கையைத் தூக்கப் பார்க்கிறாள், தோளுக்கு மேலே போகமாட்டேன் என்று அது அடம்பிடிக்கிறது. நேற்று உடற்பயிற்சி வகுப்பில், அவளுக்கும் தங்கைக்கும் பேச்சுவார்த்தை அறுந்துபோனது தெரியாத பயிற்சியாளர் இருவரையும் வழக்கம்போல் ஜோடி சேர்த்துவிட்டார். ஒருத்தி எறியும் கனமான பந்தை மற்றவள் மார்போடு பிடித்துத் திருப்பி எறிய வேண்டும். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதித்தது யார் என்ற சண்டையை இருவரும் பந்தால் தொடர்ந்தார்கள். விசில் அடித்த பிறகும் நிறுத்தவில்லை. என்ன வேகம் என்று வகுப்பே கைதட்டியது.

இப்போது தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் முகம் சுளித்து உள்ளே வருகிறாள். அவளும் டப்பாவுக்குக் கையை நீட்டுகிறாள். காதுவரை போன கை கீழே விழுகிறது.

"ரொம்ப வலிக்குதாக்கா?"

அம்மா போன பிறகு அவள் பேசுகிற முதல் வார்த்தை. ஆமாம் என்று சொல்லத்தான் அக்கா வாயைத் திறக்கிறாள்.

"அதைப் பத்தி உனக்கென்ன?"

தங்கை தலையாட்டிவிட்டு டம்ளரை எடுத்துக்கொள்கிறாள். ஆளுக்கொரு மூலையில் நின்று இருவரும் சர்க்கரையில்லாமலே குடிக்கிறார்கள்.