ஆறு பேருக்கு உலை

"வீட்டுல இருக்கறது ஐஞ்சு பேரு. உலை மட்டும் ஆறு பேருக்கா? இதை எப்படிம்மா நான் எழுதறது?"

தொழிலாளர் அதிகாரி அப்துல் ஜலீல் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வேம்புவைப் பார்த்தார்.

"நடக்கறதைத்தானே ஐயா சொல்லச் சொன்னீங்க. ஆறு பேருக்குத்தான் அரிசி போடுறேன்," என்றாள் அவள்.

தஞ்சாவூர் கரந்தையில் இருந்த அந்த அரிசி ஆலையில், அவித்த நெல்லைக் களத்தில் காயவைக்கும் பெண்கள் நாற்பது பேர் கூலி போதவில்லை என்று வேலைக்கு வராமல் உட்கார்ந்துவிட்டார்கள். கொடுப்பதே அதிகம் என்று சாதித்தார் முதலாளி இராஜாங்கம். இரண்டு தரப்பும் இப்படியே பேசிக்கொண்டிருந்தால் அவித்த நெல் பூசணம் பிடித்துவிடும் என்று ஜலீல் ஒரு வழி சொன்னார். இந்த ஊரில் ஒரு குடும்பம் அரை வயிறு இல்லாமல் முழு வயிறு சாப்பிட்டு, மானமாகத் துணி உடுத்தி வாழ எவ்வளவு ஆகும்? ஒரு வீட்டை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். அதுவே எல்லாருக்கும் கூலி.

அந்த நாற்பது பேரில் வேம்புவின் வீட்டை எடுக்கச் சொன்னதே இராஜாங்கம்தான். அவள் சிக்கனக்காரி, செலவு குறைவாக வரும் என்று அவருக்கு ஒரு நப்பாசை.

வாடகை, விறகு, எண்ணெய், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு எல்லாம் சண்டையில்லாமல் முடிந்தன. அரிசியில் வந்து நின்றுவிட்டது.

"நீ, உன் வீட்டுக்காரன், மாமியா, ரெண்டு பிள்ளைங்க. ஆறாவது ஆளு யாரு?" என்றார் இராஜாங்கம்.

"மத்தியானம் ஒருத்தவங்க சாப்பிட வருவாங்க."

"விருந்தாளிக்கெல்லாம் நான் ஏன் கூலி குடுக்கணும்?"

"தினமும் வர்றவங்கள விருந்தாளின்னு எப்படிங்க முதலாளி சொல்றது? எங்க வீட்டு ஆளுதான்."

ஜலீலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "பேரைச் சொல்லும்மா, எழுதிக்கறேன்," என்றார்.

"பேரு சொல்ல மாட்டேங்க."

"அவருக்குன்னு வீடு இல்லையா?"

"வீடு பெருசாவே இருக்குங்க. பசிக்குதான்னு கேக்கத்தான் ஆளு இல்ல."

இராஜாங்கம் மேஜையில் தட்டினார். "கேட்டீங்களா சார்? வீடு இருக்கு, போக முடியாது. எனக்கு அப்பவே தெரியும். ஜில்லா பூரா செங்கொடியை நட்டுக்கிட்டு அடுத்தவன் வயல்ல எறங்குறானுங்க. வாரண்ட் வந்ததும் தலைமறைவு. அதுல ஒருத்தனுக்குத்தான் இவ சோறு போடுறா. அதையும் என் காசுல."

ஆலை ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்ற பெண்களில் செவ்வந்திக்குத்தான் பொறுக்கவில்லை.

"எல்லாரு கூலியும் உன் வாயில இருக்குடி. சொல்லிடேன்."

வேம்பு அவளைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பிறகு ஜலீலிடம் மெதுவாகச் சொன்னாள்.

"ஐஞ்சு பேருன்னே போட்டுக்குங்க ஐயா. கூலி குறைஞ்சா குறைஞ்சிட்டுப் போவுது. நான் என் சோத்துல பாதியை வச்சுக்கறேன். அவங்கள மட்டும் வெளியில இழுக்காதீங்க."

எத்தனையோ ஆலைகளில் எத்தனையோ பேச்சுவார்த்தை நடத்தியவர் ஜலீல். கூடக் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறார். குறைத்துக் கொடுக்கப் பார்த்தவர்களையும் பார்த்திருக்கிறார். யாரோ ஒருவருடைய மானத்துக்காகத் தன் சோற்றை விட்டுக்கொடுத்தவளை இப்போதுதான் பார்க்கிறார். இவள் சொல்வது பொய்யாக இருக்க முடியாது என்று அவருக்குப் பட்டது.

ஆனால் இராஜாங்கம் விடுவதாக இல்லை. "அந்த ஆளு யாருன்னு தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஆலையின் மத்தியானச் சங்கு ஊதியது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். "வாங்க சார், இப்பத்தானே சாப்பிட வருவான். கையும் களவுமாப் பிடிச்சிடலாம்."

வேம்பு ஓடிவந்து குறுக்கே நின்றாள். "முதலாளி, நீங்க வர வேண்டாம். ஐயா மட்டும் வந்து பார்த்துக்கட்டும். சாப்பிடற நேரங்க."

"நான் வந்தா என்னவாம்? அவ்வளவு பயமா?"

"உங்க நல்லதுக்குத்தாங்க சொல்றேன்."

மிரட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்ட இராஜாங்கம் இன்னும் வேகமாக நடந்தார். களத்துக்குப் பின்னால் இருந்த சந்தில் இரண்டாவது வீடு. ஜலீல் வியர்வையைத் துடைத்துக்கொண்டே கூடவே போனார். வேம்பு முந்திப் போய்க் கதவைச் சாத்தப் பார்த்தாள். முடியவில்லை. இராஜாங்கம் கதவைத் தள்ளித் திறந்தார்.

உள்ளே, மணைப்பலகையில் உட்கார்ந்து ஒரு பெரியவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேம்புவின் மாமியார் அவருக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் நிற்பது யார் என்று தெரிந்ததும் பெரியவர் சோற்றுக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"சாப்பிட வரல தம்பி," என்றார் அவசர அவசரமாக. "இந்தப் பக்கமா வந்தேன். சும்மா பேசிக்கிட்டு இருக்கேன்."

வாரண்டுக்குப் பயந்தவரைப் போல அவர் தெரியவில்லை. "பெரியவர் யாரும்மா?" என்று ஜலீல் கேட்டார்.

இராஜாங்கம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரே பதில் சொன்னார்.

"ஆறு பேருன்னே எழுதிக்குங்க சார். இவரு எங்கப்பா."