பின்கதவில் ஒரு வெளுப்பு

“இது காரா அத்தான், இல்ல சக்கரம் வெச்ச அலமாரியா?”

கையிலிருந்த பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே தம்பி தொடங்கிவிட்டார். “ஞாயித்துக்கிழமை நீ இங்க இருந்தாகணும்” என்று அக்கா போனில் சொன்னபோது, எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அத்தானைக் கிண்டல் செய்யப் பயணப்படுவதற்கு அவருக்குத் தனியாக ஒரு காரணம் தேவைப்பட்டதில்லை.

கொட்டகையில் நின்ற பழைய வண்டிக்குப் பின்னாலிருந்து அத்தான் எழுந்தார். ஓய்வுபெற்ற பல் மருத்துவர். முழங்கை வரை நீல நிறம், மீசையிலும் கொஞ்சம்.

“ஸ்டேஷன் வேகன், மச்சான். பின்னால மூணாவது சீட் இருக்கு பாரு. பேரப்பிள்ளைங்க ரெண்டும் அதுல உட்கார்ந்துக்கிட்டு, பின்னாடி ரோட்டை வேடிக்கை பார்த்துட்டே வரலாம். ஞாயித்துக்கிழமை மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“இதுலயா? மலை வேணா இறங்கி வரும், இது ஏறாது.”

வாங்கிய நாளில் அந்த வண்டிக்குள் குனிந்து பார்த்தால் தரை வழியே சாலை தெரிந்தது. அதுவரை ஸ்பேனரைத் தொட்டே அறியாத அத்தான், துருவைச் சுரண்டினார், பட்டி வைத்து ஓட்டைகளை அடைத்தார், உப்புத்தாளால் தேய்த்தார், ஸ்ப்ரே கன் ஒன்றை இரவல் வாங்கி வண்ணமும் அடித்தார். முதல் பூச்சு மெழுகுவத்தி உருகியதுபோல் வழிந்தது. இரண்டாவது பூச்சில் நான்கு கதவுகளும் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டன. மூன்றாவதிலும் நான்காவதிலும் ஆங்காங்கே வெளுத்திருப்பதாக அக்கா சொல்லிவிட்டாள். அவள் சரி என்று சொல்லாமல் வண்டி வாசலைத் தாண்டக்கூடாது என்பது கணவன் மனைவிக்குள் ஏற்பாடு.

“பல்லை அடைச்ச கை தகரத்தை அடைக்காதான்னு ஒரு துணிச்சல்தான்,” என்றார் அத்தான்.

“பல்லை அடைச்சா ஆளு கத்துவான். தகரம் பாவம், வாயில்லா ஜீவன். அதான் வசமா உங்ககிட்ட மாட்டிக்கிச்சு.”

அத்தானும் சேர்ந்து சிரித்தார். “இரு, இந்த அஞ்சாவது பூச்சுல உங்க அக்காவே வாயை அடைச்சுக்கப் போறா.”

அக்கா ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இடப்பக்கப் பின்கதவருகே நின்றாள்.

“இங்க வெளுத்திருக்கே.”

அத்தான் குனிந்தார். கதவுக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனார். “ஆமா... லேசா...”

“லேசாவா? கைப்பிடிக்குக் கீழே, ஒரு தட்டு அகலத்துக்கு. உங்களுக்குத் தெரியலையா?”

“தெரியாம என்ன? நல்லாவே தெரியுது. வெயில்ல காயப்போட்டது தப்பு.”

“நீ பாருடா,” என்று அக்கா தம்பி பக்கம் திரும்பினாள்.

தம்பி ஒரு பதிப்பகத்தில் பிழைதிருத்துபவர். ஓர் ஒற்று மிகையானால் அன்று உறக்கம் கொள்ளாதவர். குறை இருக்கிறது என்று ஒருவர் சுட்டிய பின் அதைக் காணாமல் திரும்பியதாக அவர் வரலாற்றிலேயே இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நேராகப் பார்த்தார். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தார்.

“தட்டு அகலமா? நீ பெரிய மனசு பண்ணிச் சொல்றேக்கா. சக்கரம் வரைக்கும் இறங்கியிருக்கு. தேமல் மாதிரி! இதைத் தெருமுனையில நின்னு பார்த்தாலே தெரியுமே, அத்தான். பக்கத்துல நின்னுக்கிட்டு எப்படி அடிச்சீங்க?”

அத்தானின் முகம் விழுந்துவிட்டது. “ஞாயித்துக்கிழமைக்குள்ள காயணுமே,” என்று முனகியபடி உப்புத்தாளை எடுத்துக்கொண்டு கதவருகே மண்டியிட்டார்.

சமையலறையில் அக்கா தேநீர் ஆற்றினாள்.

“பாவமாத்தான் இருக்கு,” என்றார் தம்பி, பாவப்பட்ட தடயம் எதுவும் இல்லாமல். “அதுக்காகப் பிழையைப் பிழை இல்லைன்னு சொல்ல முடியுமா?”

“கடைசியா இவர்கிட்ட பல் பிடுங்கிக்கிட்டவர் என்ன செஞ்சார் தெரியுமா? மறுநாள் காலையில வந்து, வலிக்கிற பல் அப்படியே இருக்குதுன்னு வாயைத் திறந்து காட்டினார். அன்னைக்குத்தான் கிளினிக்கை மூடினது.”

“கை நடுங்குதா?”

“கண்ணு. டாக்டர்கிட்ட போகலாம்னா, கழுகுக் கண்ணாம் இவருக்கு. வரவே மாட்டேங்கறார். ரெண்டு குழந்தைங்களைப் பின்னால வெச்சுக்கிட்டு மலைப்பாதையில வளைவு வளைவா ஓட்டப் போறாராம்.”

“விளையாடாதேக்கா. அவரை வண்டியைத் தொடவே விடாதே.”

“அதுக்குத்தான் உன்னை வரச் சொன்னேன். இவருக்குப் பதிலா நீ ஓட்டுவியேன்னு.”

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். “நல்ல காரியம் பண்ணினே. கவலையை விடு. என் கண்ணுக்கு ஒரு தூசு தப்பாது.”

“அதான் பார்த்தேனே,” என்றாள் அக்கா, கோப்பையை அவர் முன்னால் நகர்த்தி. “மூணாவது பூச்சுலேர்ந்தே அந்த வண்டியில எங்கயும் வெளுப்புக் கிடையாதுடா. ‘அங்க ஒண்ணுமில்லையே’ன்னு யாராவது ஒருத்தர் சொல்வீங்களான்னு பார்த்தேன். இப்ப டாக்டர்கிட்ட ரெண்டு பேருக்கும் சேர்த்து நேரம் கேட்கணும்.”