சுருக்கு பிடித்த முள்

மரவள்ளித் தோட்டத்து வேலிச் சந்தில் திருட்டு வேட்டைக்காரன் கட்டிய சுருக்கு ஒன்று தொங்கியது. பழைய பைக்கின் கிளட்ச் வயர் அது. நாலு முயலும் ஓர் எறும்புத்தின்னியும் தானாக வந்து தலையைக் கொடுத்ததில் அதற்கு ஏகப் பெருமை.

பொழுது சாய்ந்ததும் ஒரு முள்ளம்பன்றி வந்து மோந்து பார்த்தது. சட்டென்று திரும்பி, முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு, பின்பக்கமாகவே சந்தில் புகுந்தது. சுருக்கு வெடுக்கென்று இறுகியது. அகப்பட்டது ஒரு கொத்து முள்தான். முள்ளம்பன்றி உதறிக்கொண்டு விலகியது. முதுகில் ரத்தம் கசிந்தது.

"தெரிஞ்சேதான் வந்தியா? வேற சந்து இல்லையா உனக்கு?" என்றது சுருக்கு.

"எனக்கு இருக்கு. பின்னால வர்ற குட்டிங்களுக்கு இது ஒண்ணுதான் தெரியும். அதுங்களுக்கு முள்ளு இன்னும் கெட்டிப்படலை."

இரண்டு குட்டிகள் சுருக்கை உரசியபடி உள்ளே போயின.

விடிந்ததும் வேட்டைக்காரன் வந்தான். மறுபடி விரித்துவைக்க எவ்வளவு இழுத்தும், சுருக்கு அந்த முள்ளை விடவே இல்லை.