சகலையின் கைவரிசை

"இனிமே எவன் அப்பன் வந்தாலும் என் படகு நிக்காது!"

மில் பக்கத்துப் படித்துறை டீக்கடையில் நின்று, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னான் சின்னவன்.

"அப்படி என்னய்யா பண்ணினே?" என்றார் டீக்கடைக்காரர்.

"எஞ்சின்ல ஆயில் பிரஷர் குறைஞ்சா தானா ஆஃப் பண்ற ஸ்விட்ச் ஒண்ணு இருக்கு. நேத்து சும்மா சும்மா நிறுத்தி என் மானத்தை வாங்கிடுச்சு. போன வாரம்தான் புது ஆயில், புது ஃபில்டர் போட்டேன். எஞ்சினுக்கு என்ன கேடு? ஸ்விட்சுக்குத்தான் கிறுக்கு. வயரைப் பிடுங்கி நேரா கொடுத்துட்டேன். மேனேஜர் ஏறுற நேரம் பார்த்து நின்னா என் பொழைப்பு என்னாகும்?"

பின்பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிரவே இல்லை.

அக்காவைக் கட்டினவர் பெரியவர். தங்கையைக் கட்டினவன் சின்னவன். ஆளுக்கொரு படகு. படித்துறையில் யார் படகை முன்னால் கட்டுவது என்று ஒருநாள் முட்டிக்கொண்டதில் பேச்சு நின்று போச்சு. வீட்டு விசேஷத்தில்கூட சகலைகள் இரண்டு பேரும் முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள்.

இப்போது மில் தொழிலாளிகளை ஆற்றைக் கடத்தி விடுகிற ஆர்டர் வந்திருக்கிறது. ஒரு படகுக்குத்தான். காலையில் பெரியவர் படகில் மில்லுக்கு வந்த மேனேஜர், சாயங்காலம் சின்னவன் படகில் திரும்பிப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்.

சாயங்காலம் படகு நிறைய ஆட்கள். நடுவில் மேனேஜர். சின்னவன் ராஜா மாதிரி சுக்கான் பிடித்தான்.

சரியாக நடு ஆற்றில், பொசுக்கென்று எஞ்சின் நின்றது.

"என்னப்பா இது?" என்றார் மேனேஜர்.

வேர்த்துக் கொட்ட எஞ்சின் மூடியைத் திறந்தான் சின்னவன். பிடுங்கிப் போட்ட வயர், பழையபடி ஸ்விட்சிலேயே மாட்டியிருந்தது!

"எவன்டா கை வச்சது?"

டிக்கெட் பையோடு நின்ற அவன் மனைவி மென்று விழுங்கினாள். "நீங்க சாப்பிடப் போனப்ப அத்தான் வந்து குனிஞ்சு என்னமோ பண்ணிட்டுப் போனாரு."

"அதைப் பார்த்துக்கிட்டு பொம்மையாட்டம் நின்னியா?"

"அக்கா வீட்டுக்காரரை நான் என்னன்னு கேக்குறது? பேச்சை நிறுத்தினது நீங்க, நான் இல்லை!"

அதற்குள் ஆள் யாரையும் ஏற்றாமல் பின்னாலேயே வந்த பெரியவர் படகு பக்கத்தில் அணைந்தது. கயிறு ஒன்று பறந்து வந்து விழுந்தது.

சின்னவன் அதைத் தூக்கி ஆற்றில் வீசினான்.

"நிறுத்தினதும் நீ, இழுக்க வர்றதும் நீயா? மேனேஜர் சார், நல்லா பாத்துக்கங்க! ஒரு ஆர்டருக்காக சொந்தச் சகலை பொழைப்புலேயே மண்ணள்ளிப் போடுற ஆளு!"

படகே பெரியவரை முறைத்தது. "வயசுக்கேத்த காரியமா பண்றாரு?" என்று ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

பெரியவர் சின்னவனைப் பார்க்கவில்லை. அவன் மனைவியிடம் மட்டும் சொன்னார்: "அம்மாடி, உன் வீட்டுக்காரனை ஆயில் குச்சியை உருவிப் பார்க்கச் சொல்லு."

"அவரு சொல்லி நான் பார்க்கணுமாக்கும்!" என்று கத்திக்கொண்டே உருவினான்.

குச்சி முனையில்கூட ஆயில் இல்லை.

குனிந்து பார்த்தான். எஞ்சினுக்கு அடியில் கறுப்பாகக் குளம் கட்டி நின்றது. ஃபில்டரைக் கழற்றினான். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. போன வாரம் அவசரத்தில் அதைப் பார்க்காமல் அதன் மேலேயே புதுசை முறுக்கிவிட்டான். வளையத்தின் மேல் வளையம் உட்கார்ந்து, பிதுங்கி, அந்தச் சந்தில் அத்தனை ஆயிலும் வெளியே போயிருந்தது.

ஸ்விட்ச் மட்டும் நிறுத்தாமல் இருந்திருந்தால்? உள்ளே இரும்போடு இரும்பு உரசி ஒரேயடியாக இறுகியிருக்கும். அப்புறம் அது எஞ்சின் இல்லை, நங்கூரம்.

சின்னவன் பழைய வளையத்தை உரித்து எறிந்தான். ஃபில்டரைத் துடைத்து முறுக்கினான். அடுத்த படகிலிருந்து ஒரு ஆயில் கேன் நீண்டது. இந்தத் தடவை அதை ஆற்றில் வீசவில்லை.

சாவியைத் திருப்பினான். ஒரே உறுமல்! ஆயில் பிரஷர் குறைவைக் காட்டுகிற சிவப்பு விளக்கு அணைந்தது. படகு முழுக்க விசில் பறந்தது.

கரையில் இறங்கியதும் மேனேஜர் பெரியவரைக் கேட்டார். "காலையில உங்க படகு நிக்கவே இல்லை, சரி. இந்த ஸ்விட்ச் அதுல இருக்கா?"

"இல்லைங்க. அது பழைய எஞ்சின்."

"அப்ப ஆர்டர் இவருக்குத்தான். கெட்டுப் போன பிறகு நிக்கிற படகு எதுக்கு? கெடுறதுக்கு முன்னாடி நிக்கிற படகுதான் எனக்கு வேணும்."

சின்னவன் ஹாரனை அழுத்தின அழுத்தில் படித்துறையே அதிர்ந்தது. மனைவியின் கையைப் பிடித்து ஒரு குதி குதித்தான்.

பெரியவர் நனைந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டு தனியாக நின்றார். சின்னவன் மெதுவாக அவரிடம் போனான்.

"எஞ்சின் இறுகட்டும்னு விட்டிருந்தா ஆர்டர் உங்களுக்குத்தானே வந்திருக்கும்? எதுக்கு என் படகுல கை வச்சீங்க?"

பெரியவர் கயிற்றைப் பிழிந்தார்.

"உன் படகுல எவன் கை வச்சான்? என் மச்சினி ஏறுற படகுல வச்சேன்."