சித்தி அனுப்பிய மீன்கொத்தி

"அத்தான், இது என்ன அநியாயம்?"

உள்ளே வந்த சித்தி கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

அப்பா கையில் பிளேடு. மேசை முழுக்க அவருடைய பணி ஓய்வுக்கு வந்த வாழ்த்து அட்டைகள். எல்லாவற்றிலும் பறவைகள்தான். கேமரா இல்லாத காலத்தில் காட்டில் உட்கார்ந்து இறகு இறகாக வரைந்தார்களே, அந்த மாதிரிப் பழைய படங்கள். படத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, வாழ்த்து எழுதியிருந்த பாதியை ஓரமாகத் தள்ளியிருந்தார்.

தள்ளியதில் மேலாகக் கிடந்தது சித்தியின் கையெழுத்து.

"பரிசெல்லாம் வேண்டாம், பழங்காலப் பறவைப் படம் போட்ட அட்டை மட்டும் அனுப்புன்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க? கடை கடையா ஏறி இறங்கி நாயா அலைஞ்சேன். கவிதை வேற எழுதினேன்!"

"கவிதை நல்லா இருந்ததும்மா."

"அதான் வெட்டி எறிஞ்சீங்களா?"

நான் சும்மா இருப்பேனா?

"தப்புப்பா! ஒருத்தர் மனசுல இருந்து எழுதினதை வெட்ட உங்களுக்கு என்ன உரிமை இருக்கு? காலேஜ் லைப்ரரியன் செய்யற வேலையா இது? எவனாவது புத்தகத்துல ஒரு கோடு கிழிச்சாலே வீட்டுக்கு வந்து சோறு இறங்காம உட்கார்ந்திருப்பீங்க. உங்களுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா?"

"வக்கீலம்மா, கொஞ்சம் மூச்சு விட்டுக்கோ" என்றார் அப்பா.

சித்திக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இனிமே இந்த வாசப்படியை மிதிச்சேன்னா என்னன்னு கேளுங்க!" என்று திரும்பினாள்.

அப்பா அவசரமாக எழுந்தார். "உட்காரும்மா. நாளைக்கு எனக்குக் கடைசி நாள். அதுக்குள்ள இதை முடிச்சாகணும்."

நாற்காலியில் இருந்த தடித்த புத்தகத்தை எடுத்து விரித்தார். கல்லூரி நூலகத்துப் பறவைப் புத்தகம். உள்ளே படத்தாள்கள் எல்லாம் கிழிக்கப்பட்டு, தையலோரம் கிழிசல் மட்டும் பல் பல்லாக நின்றது. அந்த இடங்களில் புதுத் தாள் ஒட்டி, அதன்மேல் அட்டையிலிருந்து வெட்டிய படங்கள். ஆந்தை. நாரை. சித்தி அனுப்பிய மீன்கொத்தி.

"அச்சு அசல் இல்லைதான். ஆனா அதே பறவைங்க" என்று மீன்கொத்தியின் ஓரத்தை அழுத்திவிட்டார். "இத்தனை வருஷம் இதை அலமாரிக்குப் பின்னாலேயே ஒளிச்சு வெச்சு ஓட்டிட்டேன். நாளன்னைக்குப் புதுசா ஒருத்தர் வர்றார். கடைசியா எடுத்தது யாரு, கிழிச்சது யாருன்னு தோண்டுவார்."

"தோண்டட்டுமே!" என் கோபம் வேறு பக்கம் திரும்பியது. "எந்தப் பிசாசு இப்படிப் பண்ணுச்சு? உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சும் விட்டீங்களா?"

"சின்ன வயசு. படத்து மேல ஆசை."

"திருட்டுக்குப் பேரு ஆசையா? நீயே சொல்லு சித்தி!"

சித்தி கைப்பையை இறுகப் பிடித்தபடி புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீ கொண்டுவந்த அம்மா அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அம்மா முகம் அப்படியே மலர்ந்துபோனது.

"ஏய், இது உன் மீன்கொத்தியாச்சே! நீ இவர் காலேஜ்ல சேர்ந்த வருஷம், நம்ம ரூம் சுவர் பூரா இதையெல்லாம் ஒட்டி வெச்சியே! ஜன்னலைத் திறந்தா போதும், காத்துல எல்லாம் படபடன்னு அடிச்சுக்கும். பறந்துடப் போகுதுன்னு ஓடி ஓடிப் பிடிப்பே. என்ன நாளுடி அதெல்லாம்! ஏங்க, உங்களுக்கு ஞாபகம் இருக்கா? கல்யாணம் பேச முதல் தடவை எங்க வீட்டுக்கு வந்தீங்களே, என்னைக்கூடப் பார்க்காம அந்தச் சுவரையே பார்த்துட்டு நின்னீங்க!"