வாளி போதும்

"இப்பம் அடிச்ச சாரக்காத்துல வீட்டுத் தகரம் பறந்துட்டு சார். அவசர உதவித்தொகை எழுதித் தாங்க," என்றாள் ஹாஜரா பீவி.

அன்று காலை மாறுதலில் வந்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே ஆபீஸில் சேர்ந்திருந்த அதிகாரி ராமசுப்பு மனுவை ஒதுக்கினார்.

"குற்றாலச் சீசன்ல வீடு ஒழுகுறதெல்லாம் அவசரமாம்மா? வாளி வைங்க, போதும்."

"நான் பின்கட்டுல கெடந்துக்கிடுவேன் சார். முன்வீட்டுக்கு வாடகைக்கு வந்தவங்க பாவம்லா?"

"அவங்களும் வைக்கட்டும்."

"வச்சிட்டாவ. லாரியில இருந்து இறக்குன வாளி, அண்டா எல்லாம் நிரம்பிட்டு. அந்தம்மா கட்டில்மேல நின்னு வீட்டுக்காரருக்கு போன் அடிக்காவ. அவர் எடுக்க மாட்டேங்காராம்."

ராமசுப்பு சைலன்ட்டில் கிடந்த செல்லைத் திருப்பினார். மனைவியிடமிருந்து பதினேழு மிஸ்டு கால்.

ஒதுக்கிய மனுவை அவசரமாக இழுத்தார். "எத்தனை தகரம்மா வேணும்?"

"நீங்க குடியிருக்கப்போற வீடு சார். நீங்களே பாத்து எழுதுங்க."