சல்சாக் கிண்ணத்தில் ஒரு குடித்தனம்

மெக்சிகோவின் கொலீமா நகரில் ஒரு மந்தமான பிற்பகல். ஃபெர்மின் சூடான ஊசியால் சல்சாச் சட்னி வைக்கும் சிறு கிண்ணத்தின் பிளாஸ்டிக் மூடியில் துளையிடுகிறான். பிளாஸ்டிக் புகை ஜன்னலை நோக்கி மிதக்கிறது. முட்டைப்பையில் பிழைத்த ஒரே டாரன்டுலாச் சிலந்திக் குஞ்சு, கடுகளவு, குப்பியில் காத்திருக்கிறது. "யோவ், என் டாக்கோ கடைக் கிண்ணம்தான் கிடைச்சுதா? பெரிய பெட்டியா வாங்கறது!" என்கிறாள் மனைவி யாதிரா. "பெரிய வீட்டுல இரையைத் தேடியே செத்துடும்டி. இங்க அது நூல் விட ஆரம்பிச்சா பிழைச்சுக்கும்." தூரிகையால் அதை மெல்லக் கிண்ணத்துக்குள் தள்ளுகிறான். குஞ்சு அடியில் பரப்பிய ஈரமண்ணில் இறங்கி அப்படியே உறைகிறது. யாதிரா குனிகிறாள். "மூச்சு விட்றாத!" என்கிறான் அவன். அவள் விடவில்லை. அடுப்பில் டார்ட்டியா ரொட்டி கருகும் வாசனை, இருவரும் நகரவில்லை. கிண்ணத்துக்குள் ஒரு கால் அசைகிறது. பிறகு, சுவரிலிருந்து மண்ணுக்கு, இல்லாதது போல் ஓர் இழை மின்னுகிறது.